சொந்தமாகச் செய்த ஃபஸ் பெடலில் கோளாறு: வாசகர் கேள்வி – பதில்

கிட்டாரின் சத்தத்தைக் கரகரவென்று உடைத்துத் தரும் ஃபஸ் பெடலைத் தாங்களே செய்து, அது ஒழுங்காக வேலை செய்யாமல் நிற்பதால் எழுதியிருக்கும் வாசகர்களின் கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எல்லாரும் செய்திருப்பது ஏறக்குறைய ஒரே சர்க்யூட்தான்: 1966இல் இங்கிலாந்தின் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் இரண்டு டிரான்சிஸ்டர் அமைப்பு. பதில்களைப் பின்தொடர வசதியாக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் சிக்னல் 2.2 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்குள் நுழைகிறது; டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள்தான் பேஸ், எமிட்டர், கலெக்டர். அந்த டிரான்சிஸ்டரின் எமிட்டர் நேராகக் கிரவுண்டில் இருக்கிறது. கலெக்டர் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம் 9 வோல்ட் சப்ளையோடு சேர்கிறது. அதே கலெக்டர் இரண்டாம் டிரான்சிஸ்டரின் பேஸுடன் நேரடியாக இணைந்திருக்கிறது. இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து சப்ளைக்கு 8.2 கிலோ ஓம், 470 ஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள் வரிசையாகச் செல்கின்றன. அவ்விரண்டும் சேரும் இடத்திலிருந்துதான் 0.01 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாகச் சத்தம் வெளியே எடுக்கப்படுகிறது. இரண்டாம் எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் ஃபஸ் கண்ட்ரோல். அதே எமிட்டரிலிருந்து முதல் பேஸுக்குத் திரும்பி வரும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஃபஸ் கண்ட்ரோலின் நடுக்காலில் 22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், கடைசியில் 500 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல். அவ்வளவுதான் முழு சர்க்யூட்டும்.

எழுதியவர்களில் பலரும் டிரான்சிஸ்டரை மாற்றிப் பார்த்ததையும், கெபாசிட்டரை மாற்றிப் பார்த்ததையும், கடைசியில் போர்டையே புதிதாகச் செய்ததையும் விவரித்திருக்கிறார்கள். ஓரிருவர் மட்டுமே மல்டிமீட்டரில் அளந்த வோல்டேஜ்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம் என்பதே எல்லாருக்கும் என் வேண்டுகோள். இவ்வளவு சிறிய சர்க்யூட்டில் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிட முடியும். எங்கே கணக்குத் தவறுகிறதோ அங்கேதான் கோளாறு இருக்கும். அளக்காமல் மாற்றப்படும் ஒவ்வொரு பாகமும் இன்னொரு கோளாற்றைப் புதிதாகக் கொண்டுவர வாய்ப்பளிக்கிறது.

கேள்வி: பைபாஸில், அதாவது சிக்னல் ஃபஸ் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகும்போது, கிட்டார் நன்றாகக் கேட்கிறது. ஃபுட் ஸ்விட்சை அழுத்தி எஃபெக்டுக்குப் போனால் முழு மௌனம். எல்இடி மட்டும் எரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு தகவல்களுமே பயனுள்ளவை. பைபாஸ் வேலை செய்வதால் இரண்டு ஜாக்குகளும், கேபிள்களும், ஸ்விட்சின் ஒரு பாதியும் சரியாக இருக்கின்றன. எல்இடி எரிவதால் பேட்டரியின் மின்சாரம் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அது போர்டு வரை வருகிறதா என்பது இன்னும் தெரியாது. ஆகவே மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் முதலில் போர்டில் சப்ளை சேரும் இடத்தையும், பிறகு இரண்டு டிரான்சிஸ்டர்களின் மூன்று கால்களையும் தொட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக் ஸ்டீரியோ வகையாக இருக்கும். கிட்டார் பிளக் உள்ளே சென்றால்தான் பேட்டரியின் ஒரு முனை கிரவுண்டோடு சேரும். எனவே பிளக்கைச் செருகிய நிலையிலேயே அளக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் போர்டில் மின்சாரமே இல்லை என்று குழம்புகிறவர்கள் அதிகம்.

நீங்கள் போட்டிருப்பவை சிலிக்கான் என்பிஎன் வகை டிரான்சிஸ்டர்கள் என்றால் அளவுகளை இப்படி வாசிக்கலாம். முதல் பேஸில் 0.6 வோல்ட்டை ஒட்டியும், முதல் கலெக்டரில் 1.3 வோல்ட்டை ஒட்டியும், இரண்டாம் எமிட்டரில் 0.7 வோல்ட்டை ஒட்டியும் இருந்தால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் உயிரோடு இருக்கின்றன. இரண்டாம் கலெக்டரில் முழு 9 வோல்ட் இருந்து, எமிட்டரில் ஒன்றுமே இல்லையென்றால் இரண்டாம் டிரான்சிஸ்டர் மின்சாரம் கடத்தவில்லை. உடனே அதன் பேஸைப் பாருங்கள். அங்கேயும் பூஜ்யம் என்றால் 33 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு கால் பற்றாமல் நிற்கிறது, அல்லது முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே ஈயத்துளி ஒன்று பாலம் போட்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, இரண்டாம் கலெக்டரும் எமிட்டரும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரு வோல்ட்டை ஒட்டி நின்றால் இரண்டாம் டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்து கிடக்கிறது. அதன் பேஸைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டிய முதல் டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

இந்தக் கடைசி நிலைக்குப் பெரும்பாலும் காரணமாவது கால்களின் வரிசை. தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்படி, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், 2என் 3904இல் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும்; பிசி 547இல் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். ஒன்றுக்கு வரைந்த லேஅவுட்டில் மற்றொன்றைப் போட்டால் டிரான்சிஸ்டர் தலைகீழாக இயங்கும். அது செத்துப்போகாது, ஆனால் அதன் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் திறன், மிக மிகக் குறைந்துவிடும். நல்லவேளையாக இரண்டிலும் பேஸ் நடுவில் இருப்பதால், கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டாலே போதும்.

வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால் சிக்னலைத் தேடிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஒரு ஆடியோ புரோப் செய்துகொள்ளுங்கள். பழைய கிட்டார் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, வெளிப்பின்னலில் ஒரு முதலைக் கிளிப்பையும், நடுக்கம்பியில் 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரையும் சால்டர் செய்தால் புரோப் தயார். பிளக் உள்ள முனையை ஆம்ப்பில் செருகி, ஆம்ப்பின் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, கிளிப்பைப் பெடலின் கிரவுண்டில் மாட்டுங்கள். கிட்டாருக்குப் பதிலாகக் கைப்பேசியிலிருந்து ஏதாவது இசையை மெதுவாக இன்புட்டில் விட்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். இப்போது கெபாசிட்டரின் வெறுங்காலால் இன்புட் ஜாக், ஸ்விட்ச், முதல் கெபாசிட்டரின் இரு பக்கங்கள், முதல் பேஸ், முதல் கலெக்டர், இரண்டாம் கலெக்டர், அவுட்புட் கெபாசிட்டர், வால்யூமின் நடுக்கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போங்கள். முதல் பேஸில் சத்தம் மெலிந்தும், முதல் கலெக்டரில் பெருத்தும், இரண்டாம் கலெக்டரில் கரகரவென்று உடைந்தும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் கேட்டது, அதற்கு அடுத்த எந்த இடத்தில் கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டால், பழுது அந்த ஒரு விரற்கடை தூரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுடையது போல எல்இடி எரிந்தும் சத்தம் வராத பெடல்களில் பெரும்பாலும் ஸ்விட்சிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரிலோ, வால்யூம் கண்ட்ரோலின் கால்களிலோதான் சிக்னல் நின்றிருக்கும். ஆகவே அந்த இரண்டு முனைகளையும் முதலிலேயே தொட்டுப் பார்த்துவிடலாம்.

கேள்வி: சிலிக்கான் டிரான்சிஸ்டர்களுடன் செய்தேன். சத்தம் வருகிறது; ஆனால் நீட்டி வாசிக்கும் ஸ்வரம் முழுதாக நிற்காமல் கிழிந்தாற்போல் அறுந்துவிடுகிறது. பேட்டரி 9.0 வோல்ட். முதல் பேஸ் 0.61, முதல் கலெக்டர் 1.35, இரண்டாம் எமிட்டர் 0.73, இரண்டாம் கலெக்டர் 2.7. எந்த டிரான்சிஸ்டரை மாற்ற வேண்டும்?

பதில்: அளந்து எழுதியதற்கு நன்றி. எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் எண்களையே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டாம் எமிட்டரில் 0.73 வோல்ட் இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது 1 கிலோ ஓம். ஆகவே அதன் வழியே ஓடும் கரண்ட் 0.73 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய இதே கரண்ட்தான் கலெக்டர் பக்கத்திலுள்ள 8.2 கிலோ ஓம், 470 ஓம் இரண்டின் வழியாகவும் வருகிறது. இரண்டும் சேர்ந்து 8.67 கிலோ ஓம், அதில் 0.73 மில்லி ஆம்பியர் ஓடினால் 6.3 வோல்ட் விழும். ஒன்பதில் 6.3 போனால் மிச்சம் 2.7. நீங்கள் அளந்ததும் அதுவே. சர்க்யூட் தனக்குக் கொடுக்கப்பட்ட மதிப்புகளுக்கு உண்மையாக நடந்துகொண்டிருக்கிறது. மதிப்புதான் உங்கள் டிரான்சிஸ்டருக்குப் பொருந்தவில்லை.

8.2 கிலோ ஓம் என்பது ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மதிப்பு. ஜெர்மானியத்தில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவிலான வோல்டேஜ் 0.1 முதல் 0.2 வோல்ட் வரை மட்டுமே இருப்பதால், இரண்டாம் எமிட்டர் 0.4 அல்லது 0.45 வோல்ட்டில் வந்து நிற்கும். அப்போது கரண்ட் குறைந்து, கலெக்டர் 5 வோல்ட்டை ஒட்டி அமையும். சிலிக்கானில் அதே இடம் 0.7க்கு உயர்ந்துவிடுவதால் கரண்ட் கூடி, கலெக்டர் கீழே போய்விடுகிறது. இரண்டாம் கலெக்டர் சப்ளையின் பாதியில், அதாவது 4.5 வோல்ட்டை ஒட்டி இருந்தால்தான் அலை மேலேயும் கீழேயும் சமமாக அசைய இடம் கிடைக்கும். உங்களுடையதில் கீழே எமிட்டர் வரைக்கும் இரண்டு வோல்ட் இடம்தான் மிச்சம். ஒரு பக்கம் சீக்கிரமே முட்டிக்கொள்கிறது.

8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில், திருப்பி மதிப்பை மாற்றக்கூடிய 10 கிலோ ஓம் டிரிம்மர் ஒன்றைப் போடுங்கள். கலெக்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு 4.5 வோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். உங்கள் கரண்டுக்கு மொத்தம் 6.2 கிலோ ஓம் அளவில் தேவைப்படும் என்பதால் டிரிம்மர் 5.7 கிலோ ஓம் பக்கத்தில் வந்து நிற்கும். அதன்பின் மீட்டரை எடுத்துவிட்டுக் காதால் முடிவு செய்யுங்கள். சிலருக்கு 5 வோல்ட் பிடிக்கும், சிலருக்கு 4. நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கிழிசல் சத்தத்தை வேண்டுமென்றே நாடிக் கலெக்டரை ஓரத்துக்குத் தள்ளி வைப்பவர்களும் உண்டு. அது ரசனையைப் பொறுத்தது. நடு எங்கே என்று தெரிந்த பிறகு அதைவிட்டு விலகுவதில் தவறில்லை.

ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் பேஸில் மீட்டரை வைத்தபடியே கிட்டாரின் வால்யூமை மேலும் கீழும் திருப்புங்கள். அந்த 0.61 அசையக்கூடாது. அசைந்தால் 2.2 மைக்ரோ ஃபாரட் இன்புட் கெபாசிட்டர் டிசி மின்சாரத்தைக் கசிய விடுகிறது. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைத் திருப்பிப் போட்டால் இப்படி நேரும். என்பிஎன் சர்க்யூட்டில் அதன் பிளஸ் கால் பேஸ் பக்கம் இருக்க வேண்டும். கிட்டாரின் வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்ற இரைச்சல் வருவதும் இதே கசிவின் அடையாளம்தான். பாவம், பலரும் கிட்டாரின் கண்ட்ரோல் கெட்டுவிட்டது என்று அதை மாற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: ஏசி 128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இரண்டை வைத்துச் செய்த பெடல் இரவில் அருமையாக ஒலிக்கிறது. வெயில் நேரத்தில் அதே பெடல் திக்கித் திணறுகிறது. ஏதாவது இணைப்பு விட்டுவிட்டுச் சேர்கிறதா?

பதில்: இணைப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் பேஸுக்கு எதுவும் கொடுக்காதபோதும் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குச் சிறிதளவு கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் இந்தக் கசிவு இருமடங்காகும். இந்த சர்க்யூட்டில் முதல் டிரான்சிஸ்டர் வழியாக ஓடுவது மொத்தமே கால் மில்லி ஆம்பியர்தான். 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் அதற்கு மேல் விடாது. இரவில் 0.1 மில்லி ஆம்பியர் கசிவுள்ள டிரான்சிஸ்டர், 20 டிகிரி கூடினால் 0.4 மில்லி ஆம்பியர் கசிய முயலும். அதாவது தனக்கு ஒதுக்கப்பட்ட கரண்ட் முழுவதையும் கசிவே விழுங்கிவிடும்; பேஸில் வரும் சிக்னலுக்குக் கட்டுப்பட அதனிடம் எதுவும் மிச்சமில்லை. இரண்டாம் டிரான்சிஸ்டரும் பட்டினியாகி, அதன் கலெக்டர் சப்ளையை நோக்கிப் போய்விடும். வெயில் நேரத்தில் அந்தக் கலெக்டரை அளந்து பார்த்தால் இது உங்களுக்கே தெரியும்.

ஆகவே கசிவு குறைந்த டிரான்சிஸ்டரை முதலிடத்தில் போட வேண்டும். அதை அறியச் சாதாரண மல்டிமீட்டரில் உள்ள கெயின் சாக்கெட்டை நம்ப வேண்டாம். அது கசிவையும் கெயினோடு சேர்த்தே காட்டிவிடும். ஏசி 128 போன்ற பிஎன்பி (என்பிஎன்னுக்கு எதிர்த்திசையில் கரண்ட் ஓடும் வகை) டிரான்சிஸ்டரின் எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலும், கலெக்டரை 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைனஸிலும் இணைத்து, பேஸைத் தொங்கவிட்டுவிடுங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே 0.24 வோல்ட் காட்டினால் கசிவு 0.1 மில்லி ஆம்பியர். அடுத்து பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். பேஸில் 4 மைக்ரோ ஆம்பியர் ஓடும். இப்போதைய வோல்டேஜிலிருந்து முந்தைய வோல்டேஜைக் கழித்து, நூறால் பெருக்கினால் உண்மையான கெயின் கிடைக்கும். முதலிடத்துக்கு 70 முதல் 80 வரையிலும், இரண்டாமிடத்துக்கு 110 முதல் 130 வரையிலும் உள்ளவை நல்ல ஜோடி என்று இந்த சர்க்யூட்டில் ஊறியவர்கள் கருதுகிறார்கள். டிரான்சிஸ்டரை விரலால் பிடித்திருந்தால் உடல் சூட்டிலேயே எண் ஏறிக்கொண்டிருப்பதைக் கண்முன் பார்க்கலாம். விட்டுவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சால்டர் செய்த உடனே அளப்பதும் இதே காரணத்தால் தவறான எண்ணையே தரும். ஜெர்மானியத்துக்குச் சாக்கெட் வைத்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

உங்களிடம் உள்ள இரண்டும் அதிகமாகக் கசிபவை என்றால் இரண்டாம் கலெக்டரின் டிரிம்மரைப் பெட்டிக்கு வெளியே ஒரு குமிழாக வைத்துக்கொண்டு, நாளின் வெப்பத்துக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம், ஓரளவுக்குத்தான் உதவும். வேறு ஜோடி தேடுவதே சரியான தீர்வு.

கேள்வி: தனியாகப் பேட்டரியில் நன்றாக ஓடும் என் ஜெர்மானியம் பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்த்தால் எல்லாமே அணைந்துவிடுகின்றன.

பதில்: உடனே கழற்றிவிடுங்கள், அடாப்டர் ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. பிஎன்பி டிரான்சிஸ்டர்களை வைத்துப் பழைய முறையில் செய்த பெடலில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களில் மைனஸ் கிரவுண்ட். இரண்டையும் இணைக்கும் கேபிளின் வெளிப்பின்னல் இரண்டு கிரவுண்டுகளையும் ஒன்றாக்குவதால் ஒரே அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் நேராக முட்டிக்கொள்கின்றன. இந்தப் பெடலுக்குத் தனிப் பேட்டரி வைப்பது எளிய வழி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தனித்தனி அவுட்புட்கள் உள்ள பவர் சப்ளையும் சரியாக இருக்கும். 7660எஸ் அல்லது டிசி 1044எஸ் ஐசியை வைத்து மைனஸ் 9 வோல்ட் உண்டாக்கிக்கொள்ளவும் முடியும். அப்படிச் செய்தால் அதன் முதல் காலை எட்டாம் காலோடு இணைக்கத் தவறாதீர்கள். இணைக்காவிட்டால் ஐசி 10 கிலோஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும். அந்தக் கீச்சொலி ஃபஸ்ஸோடு கலந்து ஆம்ப்பில் கேட்கும்.

கேள்வி: ஃபஸ்ஸை முழுவதும் ஏற்றினால் விசில் அடிக்கிறது. கிட்டாரைத் தொடாமல் வைத்திருந்தால் வானொலிப் பேச்சுகூடக் கேட்கிறது. டிரான்சிஸ்டரின் கெயின் 400க்கு மேல்.

பதில்: இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள், ஆனால் கெயின் மிகுதி இரண்டுக்கும் தீனி போடுகிறது. விசிலை முதலில் பார்ப்போம். இந்த சர்க்யூட்டில் முதல் டிரான்சிஸ்டர் சிக்னலைத் தலைகீழாக்குகிறது, இரண்டாவது அதை மறுபடியும் தலைகீழாக்குகிறது. அதனால் வெளியே வரும் சிக்னலும் உள்ளே போகும் சிக்னலும் ஒரே திசையில் அசைகின்றன. அவுட்புட் ஒயர் இன்புட் ஒயருக்குப் பக்கத்தில் ஓடினால், வெளியே வந்தது மறுபடியும் உள்ளே புகுந்து தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்து வைத்து, பெடல் விசிலடிக்கும்போதே உலர்ந்த மரக்குச்சி ஒன்றால் அந்த ஒயர்களை நகர்த்திப் பாருங்கள். சத்தத்தின் சுருதி மாறினால் காரணம் அதுதான். ஒயர்களைக் குட்டையாக்கி, இன்புட்டை ஒரு ஓரமாகவும் அவுட்புட்டை மறு ஓரமாகவும் கொண்டுபோங்கள். இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் போடுங்கள். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இல்லையென்றால் அதையும் சேர்த்துவிடுங்கள். பேட்டரி தீரத் தீர இது இல்லாத குறை பெரிதாகத் தெரியும்.

வானொலிக்கு மருந்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 47 முதல் 100 பிக்கோ ஃபாரட் வரையிலான ஒரு சிறு கெபாசிட்டர். முதல் டிரான்சிஸ்டரில் மட்டும் போட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்திருந்தால் உலோகப் பெட்டிக்கு மாற்றி, பெட்டியைக் கிரவுண்டோடு இணைத்துவிடுங்கள். கெயின் குறைந்த டிரான்சிஸ்டரைப் போட்டால் இந்த வேலையில் பாதி தேவைப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த அமைப்புக்கு 400 என்பது மிகையான கெயின்.

கேள்வி: கிட்டாரை நேராகச் செருகினால் ஃபஸ் அழகாக இருக்கிறது, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் சத்தம் தெளிந்துவிடுகிறது. ஆனால் ட்யூனர் பெடலுக்குப் பின்னால் வைத்தால் குத்தும் சத்தம். வால்யூமைக் குறைத்தாலும் தெளியவில்லை. வாவா பெடலுக்குப் பின்னால் வைத்தால் வாவாவே வேலை செய்யவில்லை.

பதில்: உங்கள் பெடலில் பழுது எதுவும் இல்லை. இந்த சர்க்யூட்டின் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, மிகக் குறைவு, சில கிலோ ஓம்கள்தான். கிட்டார் பிக்அப்பின் கம்பிச்சுருளும், கிட்டாருக்குள் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலும் அந்தக் குறைந்த இம்பீடன்ஸோடு சேர்ந்துதான் நீங்கள் விரும்பும் அந்தச் சத்தத்தை உருவாக்குகின்றன. வால்யூமைச் சற்றே குறைத்தால் கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவே பல கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்து சேர்கிறது. அதுதான் சத்தத்தைத் தெளிய வைக்கிறது. உங்கள் ட்யூனரில் பஃபர், அதாவது சிக்னலை வலுவாக்கிக் கொடுக்கும் சிறு சர்க்யூட், இருக்கிறது. பஃபரின் அவுட்புட் எவ்வளவு கரண்ட் கேட்டாலும் கொடுக்கும். பிக்அப் இருப்பதே ஃபஸ்ஸுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வாவா பெடலில் நடப்பது இதற்கு நேரெதிர்: பழைய பாணி வாவாவின் அவுட்புட்டால் இவ்வளவு குறைந்த இம்பீடன்ஸைத் தாங்க முடியாது, அதன் அசைவே அமுங்கிவிடுகிறது.

ஃபஸ்ஸை வரிசையில் முதலாவதாக வையுங்கள். ஒயர்லெஸ் போன்ற காரணத்தால் அது முடியாதென்றால், ஃபஸ்ஸின் இன்புட்டில் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குத்தல் நன்றாகத் தணியும். அந்த ரெசிஸ்டரோடு சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் சுருளையும் தொடராகச் சேர்த்தால் பிக்அப்பின் குணம் இன்னும் நெருக்கமாகத் திரும்பும். வாவாவுக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே ஒரு பஃபரும், அதை அடுத்து இதே ரெசிஸ்டரும் வைத்தால் இரண்டும் ஒன்றாக வேலை செய்யும்.

கேள்வி: ஃபஸ் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு, ஸ்விட்சை அழுத்தினால் "டப்" என்று ஒரு அதிர்ச்சி. புதிய பாகங்கள்தான் போட்டிருக்கிறேன்.

பதில்: ஃபஸ் குமிழின் கரகரப்பு இந்த அமைப்போடு கூடவே பிறந்தது. அந்த 1 கிலோ ஓம் தடத்தில் டிசி மின்சாரம் ஓடுகிறது. நடுக்காலில் உள்ள 22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், குமிழ் நகரும்போதெல்லாம் புதிய வோல்டேஜுக்கு நிரம்ப வேண்டியிருக்கிறது. வாசிக்கும்போது தொந்தரவு தராத அளவில் இருந்தால் விட்டுவிடலாம். வால்யூம் குமிழ் கரகரத்தால் மட்டும் அவுட்புட் கெபாசிட்டர் கசிகிறதா என்று பாருங்கள். "டப்" சத்தத்துக்கு, இன்புட் கெபாசிட்டருக்கு வெளிப்பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் போதும். பைபாஸில் இருக்கும்போது கெபாசிட்டரின் அந்த முனை அந்தரத்தில் தொங்காது.

கேள்வி: வோல்டேஜ் எல்லாம் சரியாக இருக்கிறது, இரண்டாம் கலெக்டர் 4.6. ஃபஸ் சத்தமும் நன்றாக இருக்கிறது. ஆனால் வால்யூமை முழுவதும் வைத்தாலும் பைபாஸைவிட மிகவும் குறைவாகவே கேட்கிறது.

பதில்: உங்கள் 470 ஓம் ரெசிஸ்டரின் மீதுதான் என் சந்தேகம். இரண்டாம் கலெக்டரில் அலை எவ்வளவு பெரிதாக ஆடினாலும், நாம் வெளியே எடுப்பது 8.2 கிலோ ஓமும் 470 ஓமும் பிரித்துக் கொடுக்கும் சிறு பங்கை மட்டுமே. கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு. 470க்குப் பதில் 47 ஓம் போட்டுவிட்டால் அந்தப் பங்கும் பத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் எட்டு கிலோ ஓமுக்கு மேலான மொத்தத்தில் 423 ஓம் குறைவது கலெக்டர் வோல்டேஜில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அதனால்தான் உங்கள் அளவுகள் எல்லாம் சரியாகவே வருகின்றன. நான்கு பட்டை ரெசிஸ்டரில் 470 என்பது மஞ்சள், ஊதா, பழுப்பு. 47 என்பது மஞ்சள், ஊதா, கறுப்பு. மங்கலான வெளிச்சத்தில் பழுப்பும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும். ஐந்து பட்டை ரெசிஸ்டரில் குழப்பம் இன்னும் அதிகம்.

கழற்றாமலேயே இதை உறுதி செய்யலாம். இரண்டு ரெசிஸ்டர்களும் சேரும் இடத்துக்கும் சப்ளைக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். 0.25 முதல் 0.35 வோல்ட் வரை காட்டினால் 470 ஓம்தான் இருக்கிறது. நூறில் இரண்டு மூன்று பங்கு வோல்ட்தான் காட்டுகிறது என்றால் அது 47. மதிப்பு சரியாக இருந்தும் சத்தம் போதவில்லை என்றால் 470ஐ 1 கிலோ ஓமாக உயர்த்துங்கள். வெளிவரும் அளவு ஏறக்குறைய இருமடங்காகும், கலெக்டரை மட்டும் டிரிம்மரில் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைவாக மட்டுமல்லாமல் மெலிந்தும், அடித்தளமே இல்லாமலும் இருந்தால் அவுட்புட் கெபாசிட்டரின் மேலுள்ள எண்ணைப் படியுங்கள். அங்கே 103 என்று இருக்க வேண்டும். 101 என்றிருந்தால் அது 100 பிக்கோ ஃபாரட். 500 கிலோ ஓம் வால்யூமோடு சேர்ந்து அது 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் தணித்துவிடும், கிட்டாரின் ஸ்வரங்கள் முழுவதும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன.